மயிலிறகு போட்ட குட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் பட்டுச்சேலை பாலிஷ், டிரை வாஷ் கடை வைத்து எனக்கு 31 வருஷம் ஆகிறது. உங்கள் பேப்பரைக் காலையில் கடை திறந்ததும் படிப்பேன், சாயங்காலம் அதே பேப்பரை உள்ளே வைத்துத்தான் சேலையை மடித்துக் கொடுப்பேன், அதனால் உங்களோடு கொஞ்சம் உரிமையாகவே பேசலாம் என்று நினைக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வீட்டுக் குறிப்புப் பகுதியில் கம்பள வண்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மூட்டைப்பூச்சி மாதிரி அதுவும் ரத்தம் குடிக்கும், சுத்தம் இல்லாத வீட்டில்தான் வரும், மருந்து அடித்து அடியோடு ஒழித்துவிடுங்கள் என்று மூன்று வரி. மூன்றுமே தப்பு. அதைவிட, பக்கத்தில் போட்டிருந்த படம் முருங்கை மரத்தில் அப்பியிருக்கும் கம்பளிப்பூச்சி! பேர் ஒன்றுபோல இருக்கிறது என்பதற்காக மாமனையும் மச்சானையும் மாற்றிப் போட்டால் எப்படி? கம்பளிப்பூச்சி இலை தின்னும், வளர்ந்தால் அந்துப்பூச்சியாகப் பறக்கும். கம்பள வண்டு எள்ளு அளவு குட்டி வண்டு, அதன் புழு பட்டையும் கம்பளியையும் அரிக்குமே தவிர இலையைத் திரும்பியும் பார்க்காது.

இதற்கு ஏன் ஒரு பாலிஷ் கடைக்காரன் கொதிக்கிறான் என்று கேட்பீர்கள். கொதிக்கத்தான் செய்யும். ஆடி மாசம் முழுக்கக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன், ஆவணி முகூர்த்தம் ஆரம்பித்ததும் பீரோவில் கிடந்த சேலையெல்லாம் வெளியே வரும், வந்ததும் ஓட்டை தெரியும், ஓட்டை தெரிந்ததும் பழி யார் மேல்? போன தடவை பாலிஷ் போட்ட என் மேல். "என்ன அண்ணாச்சி, நல்ல சேலையைக் குடுத்தா இப்படி ஓட்டை ஓட்டையா ஆக்கி வச்சிருக்கியளே" என்று நடுக்கடையில் நின்று கேட்பார்கள். ஆரம்பத்தில் நானும் ஏதோ ஆசிட் தெறித்துவிட்டதோ, அயர்ன் பெட்டி சூடு கூடிப்போச்சோ என்று நம் கைமேலேயே சந்தேகப்பட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அப்புறம்தான் ஓட்டையைப் படிக்கக் கற்றுக்கொண்டேன்.

சூடு பட்ட ஓட்டைக்கு விளிம்பு கருகியிருக்கும். ஆணியில் மாட்டிக் கிழிந்தது நீளமாகப் போகும். கஞ்சி போட்ட காட்டன் சேலையில் மேலாகச் சுரண்டினது மாதிரி நூல் மெலிந்திருந்தால் அது இராமபாணப் பூச்சி, வெள்ளி மினுமினுப்போடு ஓடுமே, அதற்கு வேண்டியது துணியைவிட அதில் இருக்கிற கஞ்சிதான். ஆனால் பட்டில் இங்கே ஒன்று அங்கே ஒன்றாக, ஓரம் ஒழுங்கில்லாத சின்ன ஓட்டை, அதுவும் பாயசம் சிந்தின இடத்திலும் அக்குள் வேர்வை பட்ட இடத்திலும் மடிப்புக்குள்ளேயும் இருந்தால், கூடவே உமி மாதிரி லேசான பழுப்புச் சட்டை உதிர்ந்து கிடந்தால், அது கம்பள வண்டின் புழு செய்த வேலை. பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி இந்தப் புழுவும் வளர வளர உரித்துப் போட்டுக்கொண்டே போகும். முந்தியில் பட்டு நூல் போய் ஜரிகை மட்டும் தொங்கிக்கொண்டு நிற்கிற சேலையைக்கூட நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் தொழிலில் அசல் பட்டா என்று பார்க்க ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுவோம். முடி கருகின வாடை வந்தால் பட்டு. பிளாஸ்டிக் மாதிரி உருகி உருண்டையாகச் சுருண்டால் பாலியெஸ்டர். பேப்பர் எரிகிற வாடை வந்தால் பருத்தி. இந்தப் புழுவும் கிட்டத்தட்ட அதே பரீட்சையைத்தான் வைக்கிறது. கம்பளி, பட்டு, முடி, இறகு, தோல் என்று உயிர்ப்பிராணியின் உடம்பிலிருந்து வந்ததெல்லாம் அதற்குச் சாப்பாடு. பருத்தியும் பாலியெஸ்டரும் சுத்தமாக இருந்தால் தொடாது, அதில் வேர்வையோ எண்ணெயோ சாப்பாடோ பட்டிருந்தால்தான் கடித்துப் பார்க்கும். நம் பத்தமடைப் பாய் கோரையில் நெய்தது, அதையும் விட்டுவிடும். கம்பள வண்டு என்ற பேரே கம்பளி ஜமுக்காளத்தைத் தரையில் விரித்துக் குளிரைத் தள்ளுகிற ஊர்க்காரர்கள் வைத்தது. இங்கே யார் வீட்டில் கம்பளம் இருக்கிறது? நமக்கு அது பட்டு வண்டு, இறகு வண்டு.

இறகு என்றதும் ஒரு கதை சொல்லியாக வேண்டும், இந்தக் கடுதாசி எழுதினதே அதற்காகத்தான்.

மூன்று வருஷத்துக்கு முந்தி மேலப்பாளையம் பக்கத்திலிருந்து ஒரு அக்கா ஒரே வருஷத்தில் நாலு பட்டுச்சேலையை ஓட்டை அடைக்கிற ரஃபு வேலைக்குக் கொண்டுவந்தார். வீட்டில் சின்னப் பிள்ளைக்கு வேறு உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக அரிப்பு. யாரோ மூட்டைப்பூச்சி என்று சொல்ல, ஒரு பூச்சி மருந்துக் கம்பெனியைக் கூப்பிட்டு 4,500 ரூபாய் கொடுத்துக் கட்டில், மெத்தை, பீரோ எல்லாவற்றுக்கும் அடித்திருக்கிறார்கள். வந்தவர் ஒரு பூச்சியைக்கூடப் பிடித்துப் பார்க்கவில்லை. இரண்டு மாசத்தில் திரும்பவும் ஓட்டை, திரும்பவும் அரிப்பு. அந்த அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது, "நாங்க அவ்வளவு அழுக்கா வச்சிருக்கோம்னு நினைக்காதீய அண்ணாச்சி" என்றார். எனக்கு ரொம்ப வருத்தமாகப் போச்சு. சேலையை உதறிப் பார்த்ததில் நாலு சட்டையும் உயிரோடு ஒரு புழுவும் விழுந்தது. பழுப்புப் பட்டை பட்டையாக, கால் சென்டிமீட்டர் இருக்கும், உடம்பு பூராவும் முடி, வால் பக்கம் குஞ்சம் கட்டினது மாதிரி.

சேலை கொடுக்கப் போகும் சாக்கில் நான் அந்த வீட்டுக்கே போனேன். துடைத்து வைத்த மாதிரி வீடு. ஜன்னல் கட்டையில் எள்ளு மாதிரி ஐந்தாறு செத்த வண்டு கிடந்தது, வெள்ளையும் பழுப்பும் மஞ்சளுமாகச் செதில் ஒட்டின முதுகு, லென்ஸில் பார்த்தால் கோலம் போட்ட மாதிரி இருக்கும். ஜன்னலில் வண்டு இருந்தால் வீட்டுக்குள் எங்கேயோ புழு வளர்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் வளர்ந்த வண்டு வெளிச்சத்தைப் பார்த்து வெளியே போகத்தான் முட்டிக்கொண்டு நிற்கும். தேடினோம். பீரோவுக்கு அடியில் இல்லை, பரணில் இல்லை. கடைசியில் பூஜை அறையில் முருகன் படத்துக்குப் பின்னால் திருச்செந்தூரில் வாங்கிச் செருகின ஒரு கட்டு மயிலிறகு. எடுத்ததும் தண்டு மட்டும் கையில் வந்தது, மீதியெல்லாம் பொடி. உள்ளே குறைந்தது முப்பது புழு. பூஜை அறைக்கு அடுத்த சுவரில்தான் பீரோ.

சின்ன வயசில் நோட்டுக்குள் மயிலிறகை வைத்து அரிசி போட்டால் குட்டி போடும் என்று நாம் எல்லாரும் நம்பினோமே, அது குட்டி போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்தக் கட்டை வெளியே எரித்து, பூஜை அறை இண்டு இடுக்கெல்லாம் வாக்குவம் வைத்து உறிஞ்சி, பட்டுச்சேலையையெல்லாம் வெயிலில் உதறிப் போட்டதோடு சரி. மருந்து ஒரு சொட்டு இல்லை. பிள்ளையின் அரிப்பும் கொஞ்ச நாளில் நின்றது. ரத்தம் குடித்து வந்த அரிப்பு இல்லை அது. வண்டுக்கும் புழுவுக்கும் மனுஷனைக் கடிக்கிற பழக்கமே கிடையாது. புழுவின் வால் குஞ்சத்தில் இருக்கிற முடி ஒவ்வொன்றும் முனையில் ஈட்டி மாதிரி இருக்கும், எறும்பு பிடிக்க வந்தால் குஞ்சத்தை விரித்து நிற்கும், முடி உடைந்து எறும்பின் காலிலும் வாயிலும் மாட்டிக்கொள்ளும். அந்த உடைந்த முடிதான் துணியில் ஒட்டிச் சிலர் தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் தடிக்கிறது. (அந்த ஈட்டிக்கும் ஒரு எமன் உண்டு. லேலியஸ் என்று ஒரு குட்டிக் குளவி, புழுவைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து, முட்டை வைக்க வேண்டிய இடத்தில் முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சுத்தம் பண்ணிவிட்டுத்தான் வைக்குமாம். கோழியை உரிக்கிற மாதிரி.)

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், விலங்கியல் பேராசிரியர் ஒருவர் வேட்டி வாஷுக்கு வாடிக்கையாக வருவார், அவரிடம் அந்தப் புழுவை ஒரு பாட்டிலில் போட்டுக் காட்டினேன். மனுஷர் வேட்டியை மறந்துவிட்டு ஒரு மணி நேரம் பேசினார். அவர் சொன்னதில் எனக்கு மனசில் ஒட்டிக்கொண்டது ஒன்று. முடி, இறகு, குளம்பு, கொம்பு எல்லாம் கெரட்டின் என்கிற ஒரே சரக்கு. கந்தகப் பிணைப்புப் போட்டுப் பூட்டி வைத்த சரக்கு, அதனால்தான் முடி கருகினால் அப்படி நாறுகிறது. அந்தப் பூட்டைத் திறந்து ஜீரணம் பண்ணுகிற பிராணிகள் உலகத்தில் ரொம்பக் கொஞ்சம். புலிக்கு முடியாது, காக்காய்க்கு முடியாது, நமக்கும் முடியாது. இந்தப் புழுவுக்கு முடியும், துணி அரிக்கிற அந்துப்பூச்சிப் புழுவுக்கு முடியும், பறவை மேல் இருக்கிற சில பேனுக்கு முடியும், இன்னும் சில நுண்ணுயிர்களுக்கு முடியும். அவ்வளவுதான் பட்டியல்.

யோசித்துப் பாருங்கள். களக்காடு முண்டந்துறை மலையில் ஒரு மிளா மான் சாகிறது. செந்நாய் தின்றது போக மீதியில் ஈ முட்டை வைக்கும், ஈரமான சதையெல்லாம் ஈப்புழு பார்த்துக்கொள்ளும். ஈரம் வற்றி, தோல் விறைத்து, எலும்பில் நரம்பும் முடியும் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்போது ஈக்கு அங்கே வேலை இல்லை. அப்போது வருகிறது இந்தக் குடும்பத்துத் தோல் வண்டு. காய்ந்த பிணத்தில் கடைசிப் பந்தி அதற்குத்தான். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலேயே எலும்புக்கூட்டைச் சுத்தம் பண்ண இந்தத் தோல் வண்டை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். கத்தி போட்டுச் சுரண்டினால் சின்ன எலும்பு உடைந்துபோகும், இது உடைக்காமல் நக்கின மாதிரி எடுத்துத் தரும்.

அதேமாதிரி நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம். 1994-ல் சரணாலயமாக அறிவித்தார்கள், அதற்கு எத்தனையோ காலம் முன்னாலிருந்தே ஊர்க்காரர்கள் வீட்டு மரத்தில் பறவை கூடு கட்டினால் கலைக்க மாட்டார்கள். சீசனில் போனால் மஞ்சமூக்கு நாரையும் கூழைக்கடாவும் தலைக்கு மேலே, கீழே முழுக்க எச்சமும் இறகும். அந்த இறகெல்லாம் எங்கே போகிறது? மழையும் மண்ணும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும், பூஞ்சையும் நுண்ணுயிரும் ஒரு பங்கு. மீதிக்கு இந்த மாதிரிக் குட்டி வண்டுகள்தான். கம்பள வண்டுக்கு உலகத்தில் பூர்வீக வீடு என்றால் அது பறவைக்கூடுதான், உதிர்ந்த இறகும் செத்த குஞ்சும் கிடக்கிற கூடு. அப்புறம் காலியான குளவிக்கூடு, சிலந்தி உறிஞ்சிப் போட்ட சக்கை தொங்குகிற ஒட்டடை, வௌவால் கிடக்கிற பொந்து. நம் பீரோ அதற்கு வேறொரு கூடு, அவ்வளவே. பட்டுப்புழு கக்கின நூலை நாம் ஆறு கஜமாக நெய்து, நாலாய் மடித்து, இருட்டில், ஆள் தொடாமல் இரண்டு வருஷம் வைத்தால், கூடு என்று நினைக்காமல் அது என்ன நினைக்கும்?

வளர்ந்த வண்டின் வாழ்க்கையோ வேற ரகம். புழுவாகச் சில மாசம் முதல் ஒரு வருஷத்துக்கு மேலும், குளிர் நாட்டில் இரண்டு மூன்று வருஷம்கூட இறகும் முடியும் தின்றது, வண்டானதும் அதையெல்லாம் விட்டுவிட்டுப் பூவுக்குப் போய்விடும். மகரந்தமும் தேனும்தான் சாப்பாடு, சில வாரம்தான் ஆயுசு. கொத்தமல்லிக் குடும்பத்துப் பூ, குடை குடையாக விரியுமே, அதில் ரொம்பப் பிரியம். உயிரினங்களுக்கெல்லாம் பேர் வைத்த ஸ்வீடன் விஞ்ஞானி லின்னேயஸ் 1767-ல் இதில் ஒரு இனத்துக்குப் பேர் வைத்தபோது வெர்பாஸ்கம் என்கிற பூச்செடியின் பேரைத்தான் வைத்தார், அதற்கு முந்தி 1761-ல் இன்னொரு இனத்துக்கு மியூசியத்தின் பேரை வைத்தார். பூவில் பார்த்தால் பூ வண்டு, பாடம் பண்ணி வைத்த பறவையில் பார்த்தால் மியூசிய வண்டு. வெர்பாஸ்கம் பேர் வைத்த இனத்தைப் பற்றி இன்னொரு அதிசயமும் உண்டு: 1950-களில் இங்கிலாந்தில் அந்தப் புழுவை வெயில், குளிர், பகல், ராத்திரி எதுவும் மாறாத இடத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். காலண்டரும் இல்லை, ஜன்னலும் இல்லை, இருந்தும் ஏறக்குறைய 40 வாரத்துக்கு ஒரு தடவை கூட்டுப்புழுவாகிற பருவம் வந்திருக்கிறது. வருஷக் கணக்கை உடம்புக்குள்ளேயே வைத்திருக்கிறது! நமக்கு ஆடி பிறந்தது பேப்பர் பார்த்தால்தான் தெரிகிறது.

சொந்தக்காரர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. இந்தக் குடும்பத்தில் 1,000-க்கும் மேல் இனம் இருக்கிறது, சிலது பொல்லாதது. கோதுமை, அரிசிக் கிட்டங்கியை நாசம் பண்ணுகிற கப்ரா வண்டு இதன் பங்காளிதான், அதுவும் நம் நாட்டுக்காரன். அமெரிக்காவில் இருக்கிற பேரனுக்குப் பையில் ரெண்டு கிலோ அரிசி கொண்டுபோனால் ஏர்போர்ட்டில் பிடுங்கிப் போடுகிறார்களே, அதற்குக் காரணமே இவன்தான். அந்த வகையறாப் புழுவில் ஒன்றைப் பட்டினி போட்டால் சாகாமல், சட்டை உரித்து உரித்துச் சின்னதாகிக்கொண்டே போகுமாம், சாப்பாடு கிடைத்தால் திரும்பப் பெரிசாகுமாம். இதைக் கேட்டு என் வீட்டுக்காரி, உங்களுக்கும் அந்த வரம் இருந்தால் ஆடி மாசத்தை ஓட்டிவிடலாம் என்றாள்.

உவரியிலிருந்து பட்டு வேட்டி கொடுக்க வந்த ஒரு மதினி மேஜையில் இருந்த பாட்டிலைப் பார்த்துவிட்டு, "இது எங்க கருவாட்டுப் புழுவுக்குத் தம்பி மாதிரில்லா இருக்கு" என்றார். படிக்காத கண் எவ்வளவு சரியாகப் பார்க்கிறது பாருங்கள். கருவாட்டில் விழுகிற அந்தக் கறுத்த முடிப்புழு தோல் வண்டின் புழுவேதான். உப்புக் கம்மியாகப் போட்டுக் காயவைத்தால் வரும், தாராளமாகப் போட்டால் குறையும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. தவிலுக்கும் உடுக்கைக்கும் தோல் வாங்கி அடுக்கி வைக்கிற கச்சேரிக்காரர்கள், வில்லுப்பாட்டு அண்ணாச்சிமார், எல்லாருக்கும் இந்தப் புழு தெரியும். பேர்தான் தெரியாது.

சரி, குறிப்புப் பகுதிக்குத் திரும்புகிறேன். மருந்து அடிக்கச் சொல்வதற்கு முன்னால் நீங்கள் எழுதியிருக்க வேண்டியது, எங்கே கூடு என்று பாருங்கள் என்பதைத்தான். ஏசி மேலே, வெண்டிலேட்டரில், ஓட்டுச் சந்தில் புறாவோ குருவியோ கூடு கட்டி விட்டுப் போயிருக்கிறதா, குஞ்சு இருக்கும்போது கை வைக்காதீர்கள், பறந்துபோன பிறகு எடுத்துவிடுங்கள். மயிலிறகு, பழைய கம்பளித் தொப்பி, டில்லியில் வேலை பார்த்தபோது வாங்கின ஸ்வெட்டர், மெத்தைக்கு அடியில் சேர்ந்த தலைமுடி, நாய் பூனை முடி, ட்யூப் லைட் பட்டியில் குவிந்த செத்த பூச்சி, இதையெல்லாம் பாருங்கள். கல்யாணத்துக்குக் கட்டின பட்டை அப்படியே மடித்து வைக்காமல் வேர்வையும் கறையும் போக்கிவிட்டு வையுங்கள் (என் கடைக்குத்தான் கொண்டுவர வேண்டும் என்று சொல்லவில்லை). மூன்று மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து உதறி மடிப்பை மாற்றுங்கள். ஆச்சிமார் செய்ததுதான். அவர்கள் ஜரிகை இற்றுப்போகாமல் இருக்கச் செய்தார்கள், புழுவுக்கு அதில் நிம்மதி போய்விடும். கம்பளியில் புழு விழுந்துவிட்டால் பாலிதீன் பையில் இறுகக் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள், மியூசியங்களில் அப்படித்தான் செய்கிறார்கள்.

அந்துருண்டையைப் பற்றி ஒரு வார்த்தை. இடுக்கு விழுந்த பீரோவில் நாலு உருண்டை போட்டால் புழு சாகாது, வாடைதான் வரும். அந்த வாடை புழுவுக்குப் போதுமான அளவு சேர வேண்டுமென்றால் காற்றுப் புகாத பெட்டி வேண்டும். அதைவிட முக்கியம், பிறந்த பிள்ளைக்கு அந்துருண்டை வாடை அடிக்கிற பழைய பட்டைச் சுற்றாதீர்கள். ஜி6பிடி என்கிற நொதி குறைவாகப் பிறக்கிற பிள்ளைகளுக்கு அந்த நாப்தலின் பட்டால் ரத்த அணு உடைந்து மஞ்சள் காமாலை முற்றிவிடும். பாட்டி கட்டின பட்டு என்று ஆசையாகப் பெயர் வைக்கும் நாளில் எடுத்துச் சுற்றுவார்கள், எனக்குப் பயமாக இருக்கும். வசம்பு வைப்பவர்களும் வேப்பிலை வைப்பவர்களும் உண்டு. வைத்த வீட்டிலும் ஓட்டை பார்த்திருக்கிறேன், வைக்காத வீட்டிலும் பத்திரமாக இருந்து பார்த்திருக்கிறேன், அதனால் அதில் நான் தலையிடவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். திருத்தம் போடுவதாக இருந்தால் மூட்டைப்பூச்சி படத்தையும் கம்பள வண்டு, அதன் புழு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், மேலப்பாளையம் அக்கா மாதிரி இன்னொருவர் 4,500 ரூபாயை இழக்க வேண்டாம். படத்துக்கு நெட்டில் தேடினால் திரும்பவும் கம்பளிப்பூச்சிதான் வந்து நிற்கும். போட்டோகிராஃபரை என் கடைக்கு அனுப்புங்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் அந்த மயிலிறகிலிருந்து எடுத்த புழுவின் வம்சம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, மூடியில் துணி கட்டி, வாரம் ஒரு கோழியிறகு போடுகிறேன். ஆடி முடிவதற்குள் வந்தால் நல்லது, ஆவணியில் பேச நேரம் இருக்காது.

இப்படிக்கு,
பட்டு பாலிஷ் கடைக்காரன்,
பாளையங்கோட்டை.